ரதீபா சிரித்த கல்லறை

எகிப்தில் எங்கள் பக்கத்தில் கல்யாணமான பெண்ணை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி, இன்னாரின் அம்மா என்போம். பிள்ளை பிறக்காதவளுக்கும் ஒரு பெயர் உண்டு. 'வராதவனின் அம்மா.' இனிமேல் வரப்போகிற யாரோ ஒருவனுக்குத் தாய் என்று பொருள். மரியாதையாகத்தான் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். குர்னா மேட்டில் அந்தப் பெயர் எனக்கு வேண்டாம் என்று சொன்னவள் ரதீபா ஒருத்திதான்.

மாவு மில்லில் வைத்து, பத்துப் பெண்கள் முன்னால் சொன்னாள். "யாரு அந்த வராதவன்? நான் பாத்ததே இல்லையே. எங்கப்பா எனக்கு ஒரு பேரு வெச்சாரு. அதச் சொல்லிக் கூப்பிடுங்க, திரும்பிப் பாக்குறேன். வேற எதையாவது சொன்னா வேற யாரையோ கூப்பிடுறீங்கன்னு போய்க்கிட்டே இருப்பேன்."

சொன்னபடியே செய்தாள். யார் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் காது கேட்காதவள் போல நடந்துபோனாள். கொஞ்ச நாளில் ஊரே வழிக்கு வந்துவிட்டது. சின்னப் பையன்கள்கூட அவளை ரதீபாக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

நான் ஹஸீப். மேட்டின் அடிவாரத்தில் டீக்கடை வைத்திருக்கிறேன். ரதீபாவின் கணவன் மவ்ஜூத் எனக்கு அம்மா வழியில் உறவு. வாத்துக் கல்லறைக்குக் காவலாளி. அந்தக் கல்லறைக்கு அரசாங்கம் ஒரு நம்பர் கொடுத்திருக்கிறது. உள்ளே புதைக்கப்பட்டவர் ஏதோ ஒரு ராஜாவின் தானியக் களஞ்சியங்களுக்கெல்லாம் தலைவராக இருந்தவர் என்று படித்தவர்கள் சொல்வார்கள். எங்களுக்கு அது வாத்துக் கல்லறைதான். முதல் சுவரிலேயே அந்தப் பெரிய மனுஷர் நாணல் படகில் நின்றுகொண்டு வாத்து வேட்டையாடுகிறார். வாத்துகள் சுவர் முழுக்கப் பறக்கின்றன. மனைவி பின்னால் நின்று அவர் விழுந்துவிடாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

ரதீபா அர்மந்த்தில் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே பிறந்தவள். எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும் ஊர். அங்கிருந்து மவ்ஜூதுக்கு வாழ்க்கைப்பட்டு இந்த மொட்டை மேட்டுக்கு வந்து சேர்ந்தாள். கழுதை முதுகில் பீப்பாய் ஏறி வந்தால்தான் எங்களுக்குத் தண்ணீர். வந்த முதல் வாரத்தில் கைகால் கழுவிய தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டாள். அன்று கிடைத்த வசவை அவளே பல தடவை நடித்துக் காட்டியிருக்கிறாள். அவர்கள் வீட்டின் பின்சுவரே மலைதான். வாத்துக் கல்லறையின் இரும்புக் கதவு வீட்டுக்குச் சற்று மேலே இருந்தது.

மவ்ஜூத் நல்ல மனுஷன். கொஞ்சம் தொப்பை. ஒரு செருப்பு கழன்று கிடக்க, நெஞ்சில் தாடை படிய உட்கார்ந்தபடியே தூங்குகிற திறமை அவனுக்கு இருந்தது. வெள்ளைக்காரர்கள் மேடேறி வரும் சத்தம் கேட்டால் ரதீபா வீட்டிலிருந்தே ஒரு கல்லை எடுத்துக் கதவின் மேல் எறிவாள். டங்கென்ற சத்தத்தில் எழுந்து, நெடுநேரமாக விழித்திருந்தவன் போல "வாங்க, வாங்க" என்பான்.

சில வருஷங்கள் ஆகியும் பிள்ளை இல்லை என்றதும் பெண்கள் கூடிப் பேசினார்கள். அவர்களுக்குத் தலைவி லுத்ஃபியம்மா. ரதீபாவைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள், ஆனால் அப்போதே நாலு ஊருக்கு ஆணையிடுகிற குரல். பிள்ளை வரம் வேண்டுகிறவர்கள் பழைய காலத்துக் கல்லறைக்குள் போய், பிணக்குழியை ஏழு தடவை தாண்டுவது எங்கள் பெண்களின் வழக்கம். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பும் வரை வாய் திறக்கக் கூடாது. பள்ளிவாசல் இமாமுக்கு இது பிடிக்காது. அதனால் வெள்ளிக்கிழமை ஆண்கள் எல்லோரும் ஜும்மா தொழுகைக்குப் போயிருக்கும் நேரத்தில் போவார்கள். மவ்ஜூத் சாவியை ஜன்னலில் மறந்து வைத்துவிட்டுத் தொழப் போய்விட்டான். வேண்டுமென்றே மறந்ததுதான்.

அந்தக் கூட்டத்தில் என் மனைவி ஸபாஹும் போயிருந்தாள். அப்போது கல்லறைக்குள் மின்சாரம் கிடையாது. வாசலில் ஒரு பழைய நிலைக்கண்ணாடியைப் பிடித்து வெயிலை உள்ளே திருப்பிவிடுவோம். கண்ணாடி பிடித்தவள் ஸபாஹ். உள்ளே நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பெண்கள் வரிசையாக, மூச்சுக் காட்டாமல் உள்ளே போனார்கள். நடுவில் ரதீபா. கடைசி அறையில் குழியின் வாயை மரப்பலகை போட்டு மூடியிருந்தார்கள். லுத்ஃபியம்மா கையைக் காட்டினாள். ரதீபா அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை தாண்டினாள். இரண்டாவது தடவை தாண்டினாள். அந்த நேரம் பார்த்து ஸபாஹின் கை வலியெடுத்துக் கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்தது. குழிமேல் இருந்த வெளிச்சம் நகர்ந்து இடது பக்கச் சுவருக்குப் போய்விட்டது.

அந்தச் சுவரில் அறுவடை நடக்கிறது. ஆட்கள் கதிர் அறுக்கிறார்கள், கூடையில் சுமக்கிறார்கள், மாடு மிதிக்கிறது. ஓரத்தில் ஒரு மரம். மரத்தடியில் தானியக் குவியலுக்குக் காவல் இருக்க வேண்டியவன், கையில் தடியோடு, தாடை நெஞ்சில் படிய, தொப்பை முன்னால் தள்ள, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். ஒரு செருப்பு காலிலிருந்து கழன்று கிடக்கிறது.

ரதீபா அதைப் பார்த்தாள். முதலில் கையால் வாயைப் பொத்திக்கொண்டாளாம். அப்புறம் தோள் குலுங்கியதாம். அப்புறம் அந்தக் கல்லறையே அதிரும்படி ஒரு சிரிப்பு. "ஐயோ, என் வீட்டுக்காரரு! செருப்பக்கூட விடலியே!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்து, கடைசியில் குழிப் பலகை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

லுத்ஃபியம்மாவுக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. வெளியே வந்ததும் வெடித்தாள். "வரம் கேக்க வந்த இடத்துல சிரிக்கிறவள நான் இன்னிக்கித்தான் பாக்குறேன். வந்துக்கிட்டிருந்த பிள்ளையச் சிரிச்சே வெரட்டிட்டியேடி!"

"வர்ற பிள்ளைக்கு அவங்கப்பனப் பாத்தா சிரிப்பு வராதாக்கும்?" என்றாள் ரதீபா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அந்தப் பதிலை யாரும் மன்னிக்கவில்லை. பிள்ளை வரவும் இல்லை. வருஷங்கள் ஓடின. ஒவ்வொரு வருஷமும் அந்தச் சிரிப்பின் கணக்கில்தான் எழுதப்பட்டது.

அவள் எப்போதும் சிரித்துக்கொண்டே இருந்தாள் என்று சொன்னால் பொய். எங்கள் ஊரில் பிள்ளை பெறாதவள் பச்சை உடம்புக்காரியின் அறைக்குள் வந்தால் தாய்ப்பால் வற்றிவிடும் என்று ஒரு பயம் உண்டு. அதனால் குழந்தை பிறந்த ஏழாம் நாள் விழாவுக்கு ரதீபாவை யாரும் அழைப்பதில்லை. லுத்ஃபியம்மாவின் இரண்டாவது பையனுக்கு ஏழாம் நாள். பக்கத்து வீடு. பித்தளை உரலை இடிக்கிற சத்தமும் பெண்களின் குலவையும் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தன. அன்று ஸபாஹ் கால்வாய்ப் பக்கம் போனபோது ரதீபா கரையில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா இங்க?"

"பாத்திரம் கழுவ வந்தேன்."

அவள் கையில் ஒரு பாத்திரமும் இல்லை. ஸபாஹ் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் வெகுநேரம் அப்படியே இருந்துவிட்டு எழுந்து வந்தார்களாம்.

மவ்ஜூதின் அண்ணன் ஒரு நாள் வெளியூரிலிருந்து வந்து தம்பியை என் கடைக்குத்தான் கூட்டிக்கொண்டு வந்தான். வீட்டில் பேச முடியாத பேச்சு. "இன்னொருத்தியக் கட்டிக்க. மார்க்கமே அனுமதிக்குது. ரதீபாவ அனுப்ப வேணாம், அவபாட்டுக்கு இருக்கட்டும். ஒரு வாரிசு வேணாமாடா உனக்கு?"

மவ்ஜூத் டீயைக் குடித்துக்கொண்டே இருந்தான். தம்பி யோசிக்கிறான் என்று அண்ணனுக்கு நம்பிக்கை. கிளாஸை வைத்துவிட்டு மவ்ஜூத் சொன்னான்: "அண்ணே, ஒருத்தி கல்ல விட்டு எழுப்புறதே எனக்குத் தாங்கல. ரெண்டு பேரு ரெண்டு பக்கமிருந்து எறிஞ்சா நான் என்னிக்கித் தூங்குறது?"

அண்ணன் எழுந்து போய்விட்டான். மவ்ஜூத் காலி கிளாஸை என் பக்கம் நகர்த்தினான். பிறகு என்னிடம், இந்தத் தடவை விளையாட்டாக இல்லாமல், "ஹஸீப், அவ சத்தம் இல்லாத வீட்டுல நான் என்ன பண்ணுவேன்?" என்றான். இன்னொரு டீ கேட்டான்.

அதற்கப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ரதீபா வாத்து வளர்த்தாள். வெயிலில் மாவைப் பொங்க வைத்துச் சுடுகிற எங்கள் ரொட்டியை அவளைப் போல யாராலும் சுட முடியாது என்று பெயர் வாங்கினாள். அரசாங்கம் மேட்டு வீடுகளை இடித்து எங்களைக் கீழே புது ஊருக்கு மாற்றியபோது எத்தனையோ பேர் அழுதார்கள். ரதீபா புது வீட்டுக்குள் போனதும் சமையலறைக் குழாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். "அழுறவங்க அழுங்க. எனக்கு இந்தக் குழாய் போதும்" என்றாள். அன்று சாயங்காலம் வரை அந்த வீட்டில் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பிறகு மவ்ஜூதுக்குக் கால் உடைந்தது. எப்படி என்று கேட்டால் அவன் பேச்சை மாற்றிவிடுவான். கல்லறை வாசலில் பெஞ்சின் மேல் தூங்கிக்கொண்டிருந்தவன் புரண்டு படுத்திருக்கிறான். பெஞ்சு முடிந்த இடத்தில் சரிவு ஆரம்பித்துவிட்டது. தொடை வரைக்கும் மாவுக்கட்டு. பக்கத்துக் கல்லறையின் காவலாளியை இரண்டுக்கும் பொறுப்பாகப் போட்டார்கள். அவனுக்கோ மூட்டு வலி. ஒரு மேட்டிலிருந்து இன்னொரு மேட்டுக்கு ஏறி இறங்க அவனால் ஆகவில்லை. "ரதீபாக்கா, நீங்களே கதவத் தொறந்து மூடுங்க. நான் இங்கேருந்து பாத்துக்கிறேன்" என்று சாவியை அவளிடமே கொடுத்துவிட்டான்.

அப்படித்தான் அவள், சிரித்துவிட்டு வெளியே வந்த இடத்துக்கு, இத்தனை வருஷம் கழித்து, தினமும் போக ஆரம்பித்தாள்.

இப்போது உள்ளே மின்விளக்கு வந்துவிட்டது. சுவர்களுக்கு முன்னால் கண்ணாடித் தடுப்பு. வருகிறவர்கள் குறைவு. எல்லோரும் ராஜாக்களின் கல்லறைகளுக்குத்தான் போவார்கள். ஆள் இல்லாத நேரத்தில் ரதீபா ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சுவராகப் பார்த்தாள். சாயங்காலம் கடைக்கு வந்து எங்களிடம் சொல்வாள், ஏதோ பக்கத்துத் தெருவுக்குப் போய்வந்தவள் போல.

"இன்னிக்கி அந்த விருந்துச் சுவரப் பாத்தேன் ஹஸீப். பொம்பளைங்க வரிசையா உக்காந்திருக்காங்க. ஒருத்தி பக்கத்துல இருக்கறவளோட காதுத் தோட்டப் புடிச்சுப் பாக்குறா. எங்கடி வாங்கினன்னு கேக்குறா, அவ சொல்ல மாட்டேங்குறா. நாற்காலிக்கு அடியில ஒரு கொரங்கு, யாருக்கும் தெரியாம அத்திப்பழம் திங்குது. எசமானியம்மாவப் பாத்தா நல்ல மாதிரியாத்தான் தெரியுது. ஆனா எல்லா எடத்துலயும் புருஷன் தோள்ல கைய வெச்சுக்கிட்டே இருக்கா. புடிச்சு வெக்கலேன்னா வாத்து புடிக்கப் போயிருவாரு போல."

"அவங்களுக்குப் பிள்ளைங்க உண்டா அக்கா?" என்று ஸபாஹ் கேட்டாள். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பொண்ணு. படகுல நிக்கிது. ஒண்ணு தாமரைப்பூவப் பறிக்குது, இன்னொண்ணு அவங்கப்பா காலக் கட்டிக்கிட்டு நிக்கிது" என்றாள் ரதீபா சாதாரணமாக. "சின்னது ரொம்ப சூட்டிகை. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

அந்தக் காலத்தில்தான் லுத்ஃபியம்மா தன் மருமகளை, மூத்த மகன் லுத்ஃபியின் மனைவியை, கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போக முடிவு செய்தாள். மருமகள் பெயர் இன்ஸாஃப். ரொம்ப அமைதியான பெண். கல்யாணமாகி இரண்டாவது வருஷமும் முடியப்போகிறது, வயிற்றில் ஒன்றும் இல்லை. வழக்கம் போல வெள்ளிக்கிழமை. வழக்கம் போல ஐந்தாறு பெண்கள், ஸபாஹும் கூட. மௌன விரதம் என்பதால் இன்ஸாஃப் மட்டும் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். லுத்ஃபியம்மா மற்ற எல்லோருக்குமாகச் சேர்த்துப் பேசினாள்.

"சாவியக் குடு, ரதீபா. நாங்க உள்ள போய்ட்டு வந்துர்றோம். நீ வெளியவே இரு. சொல்றேன்னு தப்பா நெனைக்காத."

"தப்பா ஒண்ணும் நெனைக்கல அக்கா. ஆனா சாவி போற எடத்துக்கு நானும் வருவேன். செவத்துல யாராச்சும் கைய வெச்சா என் வீட்டுக்காரரு வேல போயிரும். ஊதுவத்தி, மெழுகுவத்தி கொண்டு வந்திருந்தா இங்கயே வெச்சுருங்க."

"நீ உள்ள வந்தா..."

"சிரிக்க மாட்டேன். போதுமா?"

லுத்ஃபியம்மாவுக்கு வேறு வழியில்லை. எல்லோரும் உள்ளே போனார்கள். ரதீபா கதவோரம் நின்றாள். இன்ஸாஃப் குழியை ஒரு தடவை தாண்டினாள். இரண்டாவது தடவை அவள் கால் பலகையின் ஓரத்தில் பட்டு, பலகை கிறீச்சென்று கத்தியது. கீழே எவ்வளவு ஆழம் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பெண் அப்படியே உறைந்துபோனாள். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. வாயைத் திறந்தால் விரதம் கலையும் என்று சத்தமில்லாமல் அழுகிறாள்.

"தாண்டுடி!" என்று லுத்ஃபியம்மா பல்லைக் கடித்தாள்.

ரதீபா நேராக உள்ளே போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்துவிட்டாள். ஸ்டூலைக் கொண்டு வந்து போட்டு உட்கார வைத்தாள். தன் முக்காட்டாலேயே முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"போதும் இவ தாண்டினது. ஏம்மா, உன் புருஷன் எங்க?"

இன்ஸாஃப் மாமியாரைப் பார்த்தாள். பிறகு மெதுவாக வாயைத் திறந்தாள். "ஹுர்கதாவுல. கடற்கரை ஓட்டல்ல வேல."

"கடைசியா எப்ப வந்தாரு?"

"பெருநாளைக்கு."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முந்தின பெருநாளைக்கு."

ரதீபா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். பிறகு திரும்பி மாமியாரைப் பார்த்தாள். "அப்ப பிள்ளை என்னக்கா, பஸ்ஸுல ஏறித் தனியா வருமா?"

முதலில் சிரித்தது இன்ஸாஃப்தான். அழுகை பாதியில் நிற்க, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒரு விக்கல் மாதிரி ஆரம்பித்து, பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள். அடுத்து ஸபாஹ். அதற்கப்புறம் யாராலும் முடியவில்லை. ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்துகொண்டு சிரித்தார்கள். சிரிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்த ரதீபா மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாளாம். லுத்ஃபியம்மா ஒருத்திதான் வெளியே நடந்துபோனாள். மேட்டில் அவள் செருப்புச் சத்தம் கடைசி வரை கேட்டது.

ஒரு மாசம் லுத்ஃபியம்மா ரதீபாவோடு பேசவில்லை. ரொட்டி கொடுத்து அனுப்பினால் திருப்பி அனுப்பினாள். ஆனால் அவள் முட்டாள் இல்லை. மகனின் ஓட்டல் வேலையையும் அவன் போடும் வெள்ளைச் சட்டையையும் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசியவள், ஒரு நாள் என் கடை வாசலில் நின்று, அர்மந்த் சர்க்கரை ஆலையில் லாரி ஓட்ட ஆள் எடுக்கிறார்களாமே என்று யாரிடமோ கேட்பது போல என்னிடம் கேட்டாள். லுத்ஃபி அந்த மாசமே ஊருக்கு வந்து சேர்ந்தான். கரும்பு லாரி ஓட்டினான். தினமும் ராத்திரி வீட்டுச் சாப்பாடு. குளிர்காலம் போவதற்குள் இன்ஸாஃபுக்கு ஊறுகாய் மேல் ஆசை வந்துவிட்டது.

லாரியைப் பற்றி யாராவது பேசினார்களா? இல்லை. ஊர்ப் பெண்கள் முடிவே செய்துவிட்டார்கள்: வாத்துக் கல்லறையில் குழியைத் தாண்டுவது சரிவராது, அங்கே போனால் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். சிரித்ததால்தான் பலித்தது. பக்கத்து ஊர் அல்-பைராத்திலிருந்து பெண்கள் வந்தார்கள், நைல் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வந்தார்கள்.

அதற்குள் மவ்ஜூத் கால் சரியாகி வேலைக்குத் திரும்பியிருந்தான். தடி ஊன்றிக்கொண்டு கல்லறை வாசலில் உட்கார்ந்திருப்பான். வருகிற பெண்கள் எல்லோரும் உள்ளே போய் இடது பக்கச் சுவரைப் பார்க்கிறார்கள், வெளியே வந்து அவனைப் பார்க்கிறார்கள், முக்காட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். ஒரு வாரம் பொறுத்தான். பிறகு கடைக்கு வந்து என்னைப் பிடித்துக்கொண்டான்.

"ஹஸீப், என் மூஞ்சியில என்ன இருக்கு? உண்மையச் சொல்லு."

நான் ஸபாஹைப் பார்த்தேன். ஸபாஹ் சட்டென்று அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அந்த நேரம் ரதீபாவும் கடைக்கு வந்தாள். இனி மறைக்க வழியில்லை என்று தெரிந்ததும் அவளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், முதல் நாள் கண்ணாடி சாய்ந்ததிலிருந்து. மவ்ஜூத் தடியை எடுத்துக்கொண்டு எழுந்து மேட்டில் ஏறினான். நாங்களும் பின்னாலேயே போனோம். அவன் பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, இத்தனை வருஷமாகக் காவல் காத்த அந்தச் சுவருக்கு முன்னால் போய் நின்றான். ஆயிரம் பேருக்கு டார்ச் அடித்துக் காட்டியிருப்பான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தத் தூங்குகிறவனைப் பார்த்தான் என்று நினைக்கிறேன்.

வெகுநேரம் பார்த்தான்.

"எனக்கு இவ்ளோ தொப்ப இல்ல" என்றான்.

"அப்ப இல்ல" என்றாள் ரதீபா. "இப்ப சரியாயிருச்சு."

"இவன் வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்குறான்."

"நீங்க மூடிக்கிட்டா தூங்குறீங்க? ஒரு நாள் ஈ உள்ள போய்ட்டு வெளிய வந்ததப் பாத்தேன்."

மவ்ஜூத் தடியின் மேல் சாய்ந்துகொண்டு மறுபடியும் சுவரைப் பார்த்தான். "பாவம், நல்லாத் தூங்குறான். யாரும் கல்லு விட்டு எழுப்பல" என்றான். அப்போது ரதீபா சிரித்த சிரிப்பு எனக்கும் ஸபாஹுக்கும் தொற்றிக்கொண்டது. அவனும் சிரித்தான். அன்றிலிருந்து பெண்கள் வந்தால் அவனே முன்னால் போய், "இங்க பாருங்க, நான் எளவட்டமா இருந்தப்ப வரைஞ்சது" என்று காட்ட ஆரம்பித்தான். சுவரைத் தொடாமல் இருந்தால் சரி என்று தொல்பொருள் இலாகா இன்ஸ்பெக்டரும் கண்டுகொள்ளவில்லை.

இன்ஸாஃபுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஏழாம் நாள் விழாவுக்கு முன்தினம் மத்தியானம் லுத்ஃபியம்மா ரதீபாவின் வீட்டுக்கு வந்தாள். புது ஊருக்கு வந்த பிறகு அவள் அந்த வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை. ரதீபா முலூக்கியாக் கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள். ஸபாஹும் கூட இருந்தாள்.

லுத்ஃபியம்மா உட்காரவில்லை. "நாளைக்கி ஏழு."

"தெரியும் அக்கா. நல்லபடியா நடக்கட்டும்."

"உரலு இடிக்க ஆள் வேணும்."

ரதீபா கத்தியை வைத்தாள். "ஊர்ல கையில பலமுள்ள பொம்பளைங்க எத்தனையோ பேரு இருக்காங்களே."

"இருக்காங்க. ஆனா நீதான் வரணும்னு மருமக ஒத்தக் கால்ல நிக்கிறா. நீ வரலேன்னா உரலே வேணாங்கிறா." குரல் இறங்கியது. "நானும்தான் சொல்றேன்."

"பால் வத்திருச்சுன்னா?"

"அவளுக்கு வர்ற பால்ல ரெண்டு பிள்ளைய வளக்கலாம். அதெல்லாம் வத்தாது." லுத்ஃபியம்மா வாசலைப் பார்த்துத் திரும்பினாள். "வெறும் வயித்தோட வா. நெறைய சமைக்கிறோம்."

அவள் போன பிறகு ரதீபா கீரையை எடுத்தாள். மறுபடி வைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு குழாயைத் திறந்து கைகழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். "ஸபாஹ், நாளைக்கி எந்த அங்கியப் போடட்டும்? பச்சையா, கறுப்பா?" என்றாள், திரும்பாமலேயே. ஸபாஹ் பச்சை என்றாள்.

மறுநாள் நானும் மவ்ஜூதும் ஆண்களோடு முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே கதவு திறந்துதான் இருந்தது. குழந்தையைச் சல்லடையில் கிடத்தி, சுற்றிலும் கடலையும் சோளப்பொரியும் மிட்டாயும் தூவி, தரையில் வைத்திருந்தார்கள். இன்ஸாஃப் குழந்தையைத் தாண்டித் தாண்டிப் போனாள். இந்தத் தாண்டலில் அவளுக்குப் பயம் இல்லை, சிரித்துக்கொண்டே தாண்டினாள். ரதீபா பச்சை அங்கியில், குழந்தையின் தலைமாட்டில் சப்பணமிட்டு உட்கார்ந்து, பித்தளை உரலை மடியருகே இழுத்துக்கொண்டாள்.

முதல் இடியிலேயே முற்றத்தில் இருந்த புறாக்கள் எழும்பிப் பறந்தன.

"அம்மா சொல்றதக் கேளு!" டங். "அப்பா சொல்றதக் கேக்காத!" டங். பெண்கள் குலவையிட்டார்கள். இதுவரை எல்லோரும் சொல்வதுதான். பிறகு ரதீபா தானாகச் சேர்க்க ஆரம்பித்தாள். "அப்பத்தா சொல்றதப் பாதி கேளு!" டங். உள்ளே ஒரே கூச்சல். "தண்ணிக் குழாயத் தொறந்து போடாத!" டங். "தூங்குறவனக் கட்டிக்க, சண்ட போட மாட்டான்!" டங், டங்.

"நம்மளப் பத்தித்தான்" என்றான் மவ்ஜூத் என்னிடம், ரொம்பப் பெருமையாக.

குழந்தை அவ்வளவு சத்தத்திலும் அழவில்லை. கண்ணை அகலத் திறந்து உரல் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததாம். அடுத்து பெயர் வைக்க வேண்டும். மூன்று மெழுகுவத்திகளுக்கு மூன்று பெயர். எது கடைசி வரை எரிகிறதோ அதுதான் பெயர். லுத்ஃபியம்மா தன் தாயின் பெயரான ஜமாலாத்தை ஒன்றுக்கு வைத்தாள். இன்ஸாஃப் டிவியில் கேட்ட ரோதினா என்ற பெயரை இரண்டாவதுக்கு வைத்தாள். மூன்றாவதுக்கு லுத்ஃபி முற்றத்திலிருந்தே நவால் என்று கத்தினான். மாமியாரின் மெழுகுவத்திதான் மூன்றிலும் தடிமன். வேண்டுமென்றே வாங்கியது. ஆனால் ஜன்னல் பக்கம் வைத்துவிட்டாள். காற்றில் அது பாதியிலேயே அணைந்தது.

"இது செல்லாது! காத்து அடிச்சிருச்சு! மறுபடி பத்த வைங்க!"

"காத்தும் அல்லாஹ் அனுப்புறதுதான் அத்தை" என்றாள் இன்ஸாஃப். முதல் தடவையாக மாமியாரை எதிர்த்துப் பேசினாள்.

"ஜன்னலச் சாத்துங்கடி யாராவது! ரதீபா, நீ சொல்லு, நீதான் நியாயமானவ!"

ரதீபா உரலைத் தள்ளி வைத்துவிட்டு, சல்லடை ஓரத்திலிருந்து கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தையின் ஒரு கை அவள் சுண்டு விரலைப் பிடித்திருந்தது. "என்ன விடுங்கக்கா, எனக்குக் கை ஒழியல" என்றாள். ஜன்னலை யாரோ சாத்தினார்கள், யாரோ திறந்தார்கள். மீதமிருந்த இரண்டு மெழுகுவத்திகளும் சமமாக எரிந்துகொண்டிருந்தன. முற்றத்தில் எங்களுக்கு ஆட்டுக்கறியும் சோறும் பரிமாற ஆரம்பித்துவிட்டார்கள்.